பேய்க் கதையில் மெய்க் கதை

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமது மேடையில் ஆண்டுதோறும் திருமுறையைப் பற்றியும் திருக்குறளைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகிய நீங்கள், இம்முறை நிகழ்ச்சி நிரலில் ‘பேய்க் கதை’ என்ற சொல்லைக் கண்டு புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். பெரியவர் ஒருவர் எம்மைக் கோயில் வாசலில் நிறுத்தி, “தம்பியவை, சைவப் பிள்ளையள் பேய்க்கதை படிக்கிறதுக்கோ சங்கம் வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டே விட்டார். அவருக்கு அன்று தக்க விடை சொல்ல எம்மால் இயலவில்லை. அந்த விடையைத் தேடியதன் பயனே இந்த உரை. அவர் இன்று முன் வரிசையில் இருக்கிறார் என்பதையும் கண்டுகொண்டோம்.

சென்ற சில மாதங்களாக, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்த பின் எமது வாசிகசாலை விறாந்தையிற் கூடி ஒரு நாவலை வாசித்தோம். ஷெஹான் கருணாதிலக என்னும் நம் நாட்டு எழுத்தாளர் ஆங்கிலத்தில் எழுதியது. ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ என்பது அதன் பெயர். தமிழிற் சொன்னால், மாலி அல்மேதாவின் ஏழு நிலாக்கள். 2020இல் இந்தியாவில் வேறொரு பெயருடன் வெளிவந்த கதையை ஆசிரியர் திருத்தி எழுதினார். திருத்திய நூல் 2022இல் இங்கிலாந்தில் வெளிவந்து, அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திற் புக்கர் பரிசைப் பெற்றது. இலங்கையிற் பிறந்த ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதற்கு முன் 1992இல் மட்டுமே. அவர் கனடாவிற் குடியேறிய மைக்கல் ஒண்டாச்சி. ஆங்கிலம் நன்கு அறிந்த ஒருவர் வாசிக்க, மற்றொருவர் தமிழிற் சொல்ல, ஏனையோர் குறுக்குக் கேள்வி கேட்க, இப்படியே அந்த நூலைக் கடந்தோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கொலை செய்தவர் யார் என்பதை மட்டும் சொல்லமாட்டோம். அதை நீங்களே வாசித்தறிய வேண்டும்.

ஆண்டு 1990, இடம் கொழும்பு. மாலி அல்மேதா படம் பிடிப்பவன். யுத்தம் நடந்த இடங்களுக்குச் சென்று பிறர் பார்க்க அஞ்சியவற்றையெல்லாம் பிடித்தவன். சூதாடி. ஆண்மேற் காதல் கொண்டு, அதை மறைத்து வாழ்ந்தவன். ஒரு நாள் கண் விழிக்கும்போது, கூட்டம் நெருக்கும் ஒரு கந்தோரிலே வரிசையில் நிற்கிறான். கழுத்திலே பழுதான கமெரா. காலிலே ஒரு செருப்பைக் காணவில்லை. அது செத்தவர்கள் பதிவு செய்யும் கந்தோர் என்பது மெல்ல மெல்லத் தெரிகிறது. தான் எப்படிச் செத்தான், யார் கொன்றார்கள் என்பது அவனுக்கு நினைவில்லை. உடலோ பேரை வாவியிலே கிடக்கிறது. ஒளிக்குட் செல்ல அவனுக்கு ஏழு நிலா, அதாவது ஏழு இரவு, தவணை. அதற்குள், ஒரு கட்டிலின் கீழ்ப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கும் படங்களை உயிரோடிருக்கும் நண்பர் இருவர் கையிற் சேர்ப்பிக்க வேண்டும். 1983 ஆடியிலே கொழும்பில் நடந்த கொடுமைகளின் படங்களும் அவற்றுள் உள்ளன. இதுவே கதை.

இதில் இன்பம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எமக்கு அது மூன்று இடத்திற் கிடைத்தது.

முதலாவது, இடத்தின் உண்மை. பேய் பறக்கிறது, ஆனால் பறப்பது காலிமுகத்திடலுக்கு மேலே, பேரை வாவிக்கு மேலே, பொரளைக் கனத்தை மயானத்துக்கு மேலே. கொழும்பில் வேலை பார்த்த எம் அங்கத்தவர் ஒருவர், “இந்தச் சந்தியிலே நான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்” என்று நடுவிலே கூவினார். அந்தச் சந்தி மெய்யாக இருந்ததனாற்றான் அங்கே நின்ற பேயையும் அவர் நம்பினார். நமது புதுமைப்பித்தன் இந்த வித்தையை நன்கறிந்தவர். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையிலே கடவுளைச் சென்னைப் பட்டினத்துத் தெருவிலே இறக்கி, காப்பி குடிக்க வைத்தார். தெருவும் காப்பியும் மெய்யாய் இருந்தபடியால் கடவுள் வந்ததும் மெய்யாயிற்று. சுற்றியுள்ள ஆயிரம் பொருளும் உண்மையாக இருந்தால், நடுவிலே வைக்கும் ஒரு பொய்யை வாசகன் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வான்.

இரண்டாவது, பொய்க்கும் ஓர் ஒழுங்கு இருப்பது. எல்லாம் செய்யவல்ல பேயாக இருந்தால் மாலி முதல் இரவிலேயே பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான், கதையும் முடிந்திருக்கும். இந்தப் பேயோ காற்றிலேறித்தான் போகலாம். தன் உடல் போன இடத்துக்கும் தன் பெயரை யாரேனும் சொல்லும் இடத்துக்கும் போகலாம். பொருளைத் தொட இயலாது. கூப்பிட்டாலும் நண்பருக்குக் கேளாது. நினைப்பவர் இருக்கும் வரைக்கும், பெயர் சொல்பவர் இருக்கும் வரைக்கும் செத்தவனுக்கு ஒரு வழி உண்டு என்ற இந்த விதி எம்மை மிகவும் தொட்டது. ஆண்டுத் திவசத்தன்று கோத்திரமும் பெயரும் சொல்லி எள்ளுந் தண்ணீரும் இறைக்கும் நமக்கு இது புதிய செய்தியன்று.

மூன்றாவது, சிரிப்பு. மறுவுலகம் என்றால் வைகுந்தமோ கும்பிபாகமோ என்று எண்ணிக்கொண்டு போனால், அங்கே கவுண்டர்; வரிசை; ஓலையைக் கொண்டு போய்க் காதைச் சோதித்து வா என்ற கட்டளை; யாரைக் கேட்டாலும் அடுத்த மேசைக்குப் போ என்ற பதில். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் விடியற்புறம் எழும்பிப் போய் வரிசையில் நின்ற எவராவது சிரிக்காமல் இருக்க முடியுமா? செத்தும் கந்தோர் விடவில்லையே என்று விறாந்தை அதிரச் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருந்த எம்மை ஒரு கேள்வி நிறுத்தியது.

வாசிகசாலைக்கு அயலிலே ஓர் ஆச்சி இருக்கிறா. வெள்ளிக்கிழமை தோறும் பூசை கண்டு வந்து, விறாந்தைத் தூணிலே சாய்ந்திருந்து நாம் சொல்லும் கதையைக் கேட்பா. ஏழு இரவு என்று கேட்டதும், “சிங்களச் சனம் ஏழாம் நாள் தானம் குடுக்கிறவை. எங்களுக்கு எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி” என்று கணக்கைச் சரி பார்த்தா. பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பெடியன்ர உடம்பைத் தாய் கண்டவவோ?” என்று கேட்டா. “இல்லை ஆச்சி, தாயும் சிநேகிதரும் பொலிசிலே போய்த் தேடிக்கொண்டிருக்கினம்” என்றோம். “அப்ப அந்தியேட்டி செய்யேலாதே” என்றா. அவ்வளவுதான். அந்த ஆச்சியின் மகன் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவவுக்கும் உடலும் இல்லை, செய்தியும் இல்லை, கீரிமலைக்குப் போக ஒரு நாளும் இல்லை. அன்றைக்கு அதற்குமேல் எவராலும் வாசிக்க முடியவில்லை.

நாவலிலே உயிர்கள் இங்குமின்றி அங்குமின்றி அலையும் இடத்துக்கு ‘இடைநடு’ என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு. அது ஆசிரியரின் கற்பனை என்று எண்ணித்தான் வாசித்தோம். ஆச்சியின் கேள்விக்குப் பின்பு அந்த எண்ணம் மாறிற்று. இந்த நாட்டிலே 2016இல் நிறைவேறிய ஒரு சட்டம், காணாமற் போனவர் இறந்தார் என்றும் சொல்லாமல், இருக்கிறார் என்றும் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை வழங்க வழி செய்தது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் சட்டம் வந்தது. 2018இல் அதற்கு ஆணையாளர்கள் நியமனமாயினர். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே, கையிற் படங்களோடு தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினர். மாலியைப் போல ஏழு இரவு அன்று, ஆண்டுக்கணக்கான இரவுகள். நாவலில் வரிசையில் நிற்பவர் செத்தவர். நமது நாட்டில் வரிசையில் நிற்பவர் உயிரோடு இருப்பவர். வேறுபாடு அவ்வளவே.

இந்தத் துன்பம் வடக்குக்கு மட்டும் உரியதன்று என்பதையும் இந்நூலே எமக்குச் சொல்லிற்று. மாலியின் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக நின்றவர்களுள் ஒருவர் பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சா. 1990 பெப்ரவரியிலே கொழும்பு வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, உயிரற்ற உடலாகக் கடற்கரையிலே காணப்பட்டவர். உடலை அடையாளங் காட்டிய தாயார் மனோராணி சரவணமுத்து ஒரு மருத்துவர், தமிழ்ப் பெண்மணி. பிள்ளையின் உடலையாவது கண்ட அந்தத் தாய், அதுவும் காணாத தென்னிலங்கைத் தாய்மாரோடு சேர்ந்து நின்றார். தெற்கிலே அன்னையர் முன்னணி 1990இல் எழுந்தது. யாழ்ப்பாணத்திலோ அன்னையர் முன்னணி 1984இலேயே எழுந்துவிட்டது. பாஷை இரண்டு, படத்தைப் பிடித்த கை ஒன்றுதான்.

நாவலில் வரும் மற்றொரு பாத்திரம் டாக்டர் ராணி சிறீதரன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தவள், தமிழ்த் தீவிரவாதிகளாற் கொல்லப்பட்டவள். மறுவுலகக் கந்தோரிலே வெள்ளுடையில் நின்று, வந்தவர்களுக்கு வழி காட்டுகிறாள். இந்த மண்ணிற் பிறந்த எவருக்கும் இங்கே ரஜனி திராணகம அவர்களின் நினைவு வராமற் போகாது. உடற்கூற்றியல் பேராசிரியையாகிய அவர், ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதிய நால்வருள் ஒருவர். எந்தத் தரப்புக் கொடுமையையும் மறைக்காமல் எழுதியவர். 1989 செப்ரெம்பர் 21ஆந் திகதி, திருநெல்வேலியிலே, சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பற்றி வெளிப்படையாகப் பேச நாம் எத்தனை காலம் தயங்கினோம் என்பதை முன்வரிசையிலுள்ளவர்கள் எம்மினும் நன்கு அறிவார்கள். மெய்யாகப் பேச முடியாததைப் பேயாகப் பேசலாம். பேய்க்கு யாருக்கு என்ன பயம்? அதை இரண்டாந் தரம் கொல்ல ஒருவராலும் ஆகாது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். பேய்க்கதை நமக்கு ஆகுமா?

ஐயா, அறுபத்துமூவருள் ஒருவராகிய காரைக்காலம்மையார் இறைவனிடம் வேண்டிப் பெற்றது பேய் வடிவம் அன்றோ? அவரை அம்மையென்று போற்றும் சமயம் பேயைக் கண்டு முகஞ் சுழிக்க நியாயமில்லை. தமிழிலே பேய்க்கென்றே ஓர் இலக்கியமும் உண்டு. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியிலே, காளியின் முன் ஒரு பேய் நின்றுதான் கலிங்கப் போரைக் கூறுகிறது. கேட்ட பேய்கள் போர்க்களத்துக்கு ஓடிக் கூழ் சமைத்து உண்கின்றன. அந்தப் போரிலே முதற் குலோத்துங்க சோழனின் படைக்குத் தலைமை தாங்கிய கருணாகரத் தொண்டைமானின் பெயரே நமது தொண்டைமானாற்றுக்கு வந்தது என்பது இந்த ஊர்ச் செவிவழிச் செய்தி. ஆகவே பேய் போரைச் சொல்லும் கதை நமக்கு அந்நியமன்று. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு.

ஆனால் இரண்டு நூலுக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பரணி வென்றவனைப் பாடுவது. அங்கே பேய்கள் பசி தீர உண்டு வென்றவனை வாழ்த்தும். களத்திலே கிடந்த பிணங்களுக்குப் பெயரில்லை. இந்த நாவலிலோ பேய் என்பதே அந்தப் பிணந்தான். கூழானவனே எழுந்து நின்று, என் பெயர் இது, என்னை இன்னார் கொன்றார் என்று சொல்லப் பார்க்கிறான். பரணியிற் பேசாதவன் இங்கே பேசுகிறான்.

மகாகாளி என்ற பெயரை, உயிர்களை விழுங்கும் ஒரு கொடிய உருவத்துக்கு ஆசிரியர் வைத்தது எம்மிற் சிலருக்கு மனக்குறையே. தாயாக வணங்கும் தெய்வத்தின் பெயர் அது. இதை வாசிப்பில் வெளிப்படையாகவே பேசினோம். ஒரு நூலை விரும்புவதற்கு அதன் ஒவ்வொரு சொல்லையும் ஒப்ப வேண்டும் என்பதில்லை. குறையென்று பட்டதைக் குறையென்று சொல்லிக்கொண்டே மீதியை அனுபவிக்கலாம்.

இதைவிடக் கூடிய நேரம் நாம் சண்டையிட்டது வேறொன்றைப் பற்றி. மாலியை இருவர் இரு பக்கமாக இழுக்கிறார்கள். ஒருவன் சேனா என்ற பேய். தெற்கிலே கிளர்ச்சியில் நின்று கொல்லப்பட்டவன். ‘என்னோடு வா, கொன்றவர்களைப் பழிவாங்குவோம்’ என்பது அவன் பக்கம். டாக்டர் ராணியோ எல்லாவற்றையும் விட்டு ஒளிக்குட் போகச் சொல்கிறாள். அங்கே போனால் மறதி, அமைதி. மாலிக்கு இரண்டிலும் மனமில்லை. என் படங்களை நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதே அவன் பிடிவாதம்.

எம் இளைஞருள் ஒரு பகுதியார் சேனாவின் பக்கம் நின்றார்கள். வேறு சிலர், “மறந்தாற்றான் வாழலாம், எத்தனை காலத்துக்கு இதையே பேசுவது? நாங்கள் பிறக்க முந்தி நடந்தது” என்றார்கள். அதுவும் நேர்மையான சொல்லே. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளும் இன்று எமது சங்கத்தில் இருக்கிறார்கள். அன்றும் தூணிலே சாய்ந்திருந்த ஆச்சிதான் வழக்கைத் தீர்த்து வைத்தா. “பழி வாங்கி என்ன காணப்போறன்? மறக்கச் சொன்னா எப்படி மறக்கிறது? என்ன நடந்ததெண்டு ஆராவது சொன்னாக் காணும்.” பழிக்கும் மறதிக்கும் நடுவிலே மூன்றாவது ஒன்று உண்டு, அதற்குச் சாட்சி என்று பெயர். அந்த நாவல் பக்கம் பக்கமாய்ச் சொன்னதை ஆச்சி ஒரு மூச்சிலே சொல்லிவிட்டா.

ஆசிரியர் பரிசு பெற்ற மேடையில் ஓர் ஆசையை வெளியிட்டார். பத்தாண்டு கழித்தும் இந்த நூல் அச்சில் இருக்குமாயின், புத்தகக் கடையிலே மாயக்கதைத் தட்டில், பறவை நாகங்களுக்கும் கொம்புக் குதிரைகளுக்கும் பக்கத்தில் அது இருக்க வேண்டும். நாட்டு நடப்பு என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்ற கருத்துப்படப் பேசினார். தன் நூல் மெய்யென்று கொள்ளப்பட வேண்டும் என்பதே எழுத்தாளரின் வழக்கமான ஆசை. இவரோ தன் நூல் வெறும் பொய்யாகிப் போகும் ஒரு நாட்டை வேண்டுகிறார். இதைவிட நல்ல வேண்டுதலை நாம் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

அந்த நாள் எப்போது வரும்? வாவியிலே பிணம் மிதந்தது என்று வாசிக்கும் பிள்ளை, ‘இதெல்லாம் நடக்குமா?’ என்று வியந்து கேட்கும் நாள் அது. கந்தோர் வரிசையைக் கண்டு சிரிக்க மட்டும் செய்யும் நாள். ஆச்சி கேட்ட கேள்விக்கு விடை கிடைத்து, கீரிமலைக் கேணியிலே அவ முழுகி எழும் நாள். அதுவரைக்கும் இந்த நூலை மாயக்கதைத் தட்டில் வைக்க எமக்கு மனமில்லை. வாசிகசாலையிலே சரித்திர நூல்களின் வரிசையில் வைத்திருக்கிறோம். நூலகப் பொறுப்பாளர், “இது பிழையான இடம்” என்கிறார். பிழைதான், அந்தப் பிழையைத் திருத்த வேண்டியது புத்தக அலுமாரியில் அன்று.

இளைஞர்களே, பேய்க்கதை படியுங்கள். பயப்படுவதற்கும் சிரிப்பதற்கும் படியுங்கள், அதில் வெட்கமில்லை. ஆனால் ஆசிரியன் எந்தத் தெருவிலே பேயை நிறுத்தினான் என்று பாருங்கள். அந்தத் தெருவிலே மெய்யாக யார் நின்றார்கள் என்று வீட்டிலுள்ள பெரியவரைக் கேளுங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது, ‘அதெல்லாம் உனக்கெதற்கு?’ என்று சொல்லாதீர்கள். பேரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள், ஆண்டையும் திகதியையும் சொல்லுங்கள். இவ்வாண்டு முதல், வெள்ளிக்கிழமை வாசிப்பின் முடிவில் ஒரு கொப்பியைத் திறந்து வைக்கிறோம். யார் எந்தப் பேரைச் சொன்னாலும் அதில் எழுதிக்கொள்வோம். தரப்புப் பார்க்கமாட்டோம், சாதியும் பாஷையும் கேட்கமாட்டோம். முதற் பக்கத்திலே ஆச்சி சொன்ன பெயர் எழுதியாயிற்று. பெயரைச் சொல்பவர் இருக்கும் இடத்துக்கு அந்தப் பிள்ளை வரலாம் என்று கதை சொல்கிறது. கதை பொய்யாக இருக்கலாம். பெயரைச் சொல்லும்போது ஆச்சியின் முகத்திலே கண்டது பொய்யன்று.